நிமிடமும் உயிரும்: ஒரு நேர்கோடு உணர்த்தும் உண்மை

காலம் பொன்னினும் அரியது என்பர். இழந்த பொன்னை உழைத்து மீட்கலாம்; இழந்த நிமிடத்தை எவராலும் மீட்க இயலாது. திடீரென மயங்கி விழுந்த ஒருவரின் அருகில் நின்று, உதவி வரும் வழியை நோக்கிக் காத்திருந்தவர்க்கு இவ்வுண்மையை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

ஆம்புலன்ஸ் விரைந்து வரவேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும் ‘விரைந்து’ என்னும் சொல்லுக்கு அளவு யாது? ஐந்து நிமிடத்தில் வருவதற்கும் பத்து நிமிடத்தில் வருவதற்கும் இடையே எத்தனை உயிர்கள் நிற்கின்றன? இருக்கும் பொருளைக் கொண்டு கூடுதல் ஊர்திகளை வாங்குவதா, மக்களுக்கு முதலுதவியைக் கற்பிப்பதா? இவ்வினாக்களுக்கு உணர்ச்சியால் மட்டும் விடை கூற இயலாது, கணக்கும் வேண்டும். புள்ளியியல் பயிலும் மாணவர் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளும் ‘நேரிய தொடர்புப் போக்கு’ என்னும் எளிய முறை இவ்வினாக்களுக்கு எவ்வாறு விடை தந்தது என்பதையும், அவ்விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

இதயம் நிற்கும்போது நிகழ்வது

மருத்துவமனைக்கு வெளியே நிகழும் திடீர் இதய நிறுத்தத்தையே இங்கு எடுத்துக்கொள்வோம். ஏனெனில், காலத்துக்கும் உயிருக்கும் உள்ள உறவு இதனைப் போல் வெளிப்படையாக அமைந்த நோய்நிலை பிறிதொன்று இல்லை எனலாம். இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டு, கட்டுப்பாடின்றி நடுங்கத் தொடங்குகின்றன. நடுங்கும் இதயம் குருதியைச் செலுத்துவதில்லை. சில நொடிகளில் நினைவு தவறுகின்றது. குருதியோட்டம் இன்றிச் சில நிமிடங்கள் கழிந்தால் மூளையின் உயிரணுக்கள் அழியத் தொடங்குகின்றன.

இந்நிலையை மாற்ற இரு வழிகள் உள்ளன. முதலாவது, மார்பின் நடுவே கைகளை வைத்து விட்டுவிட்டு அழுத்துதல். மார்பைத் திறவாமல் வெளியிலிருந்து அழுத்துவதாலேயே குருதியை ஓடச் செய்யலாம் என்பதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கோவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர் 1960-ஆம் ஆண்டு வெளியிட்டனர். இரண்டாவது, டிஃபிபிரிலேட்டர் என்னும் கருவியால் மின் அதிர்ச்சி கொடுத்து இதய நடுக்கத்தை நிறுத்துதல். மருத்துவமனைக்குள் இருந்த இக்கருவியை ஊர்தியில் ஏற்றி நோயாளியின் இல்லத்துக்கே கொண்டு சென்றவர், பெல்ஃபாஸ்ட் நகரின் மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ். 1966-இல் தொடங்கிய அம்முயற்சியே பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது.

முதல் வழி நோயைத் தீர்ப்பதில்லை. காலத்தை வாங்கித் தருகின்றது. இரண்டாம் வழியே நடுக்கத்தை நிறுத்துகின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு கணக்கினுள் புகுவோம்.

தொடர்புப் போக்கு என்பது யாது?

ஒன்று மாறும்போது மற்றொன்றும் மாறுமாயின், அம்மாற்றத்தை ஒரு கோட்டால் காட்டும் முறையே தொடர்புப் போக்கு. தானே மாறுவதாகக் கொள்ளப்படுவது சாரா மாறி. அதனைப் பொறுத்து மாறுவது சார்ந்த மாறி. நம் பொருளில், உதவி வந்து சேரும் காலம் சாரா மாறி. பிழைத்தோர் விழுக்காடு சார்ந்த மாறி.

இம்முறையின் ஆங்கிலப் பெயருக்குப் ‘பின்னோக்கிச் செல்லுதல்’ என்பது பொருள். அப்பெயர் வந்த வரலாறு சுவையானது. இங்கிலாந்து அறிஞர் ஃபிரான்சிஸ் கால்ட்டன், பெற்றோரின் உயரத்தையும் வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு 1886-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 205 பெற்றோர் இணைகளும் அவர்தம் பிள்ளைகள் 928 பேரும் அவ்வாய்வில் இடம்பெற்றனர். மிக உயர்ந்த பெற்றோரின் பிள்ளைகள் உயர்ந்தவரே எனினும், பெற்றோரைப் போல் அத்துணை உயரம் இராமல் சராசரியை நோக்கித் திரும்புவதை அவர் கண்டார். அத்திரும்புதலைக் குறித்த சொல்லே பின்னர் முறைக்கும் பெயராயிற்று.

கோட்டை வரைவதற்கான விதி கால்ட்டனுக்கும் முந்தியது. மீச்சிறு வர்க்க முறை என்னும் அவ்விதியைப் பிரெஞ்சுக் கணித மேதை லெஜாண்டர் 1805-இல் வெளியிட்டார். ஜெர்மானிய மேதை காஸ் 1809-இல் அதனை விரித்துரைத்தார். விண்மீன்களையும் கோள்களையும் அளந்தோர் பயன்படுத்திய கருவி, பின்னாளில் மனித உயிரின் நிமிடங்களை அளக்க வந்தது.

ஒரு சிறு பயிற்சி

முறையை விளக்குவதற்காக நாமே அமைத்துக்கொண்ட எண்கள் சிலவற்றைக் காண்போம். இவை எந்த ஊரின் புள்ளிவிவரமும் அல்ல. ஐந்து ஊர்களில் உதவி வந்து சேரும் சராசரிக் காலம் முறையே 4, 6, 8, 10, 12 நிமிடங்கள் என்க. அவ்வூர்களில் நூற்றுக்குப் பிழைத்தோர் முறையே 34, 27, 25, 17, 12 பேர் என்க.

காலத்தின் சராசரி 8. பிழைத்தோரின் சராசரி 23. காலம் சராசரியிலிருந்து விலகும் அளவுகள் –4, –2, 0, 2, 4. பிழைத்தோர் எண் விலகும் அளவுகள் 11, 4, 2, –6, –11. இவ்விரு வரிசைகளையும் ஒன்றுக்கொன்று பெருக்கிக் கூட்டினால் –108 கிடைக்கும். காலத்தின் விலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 40 கிடைக்கும். முன்னதைப் பின்னதால் வகுக்க, –2.7 என வரும். இதுவே கோட்டின் சாய்வு. அதாவது, ஒரு நிமிடம் தாமதிக்கும்தோறும் நூற்றுக்கு 2.7 பேர் குறைகின்றனர் என்பது பொருள். 23 உடன் 2.7 இன் எட்டு மடங்காகிய 21.6-ஐக் கூட்டினால் 44.6. இது, காலம் சுழியாகும் இடத்தில் கோடு நிற்கும் உயரம்.

இக்கோட்டின்படி 8 நிமிடத்துக்கு 23 பேர் பிழைக்க வேண்டும். நம் எண்ணோ 25. இவ்வேறுபாட்டை எச்சம் என்பர். ஐந்து எச்சங்களையும் கூட்டினால் சுழியே வரும். அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 6.4 வரும். வேறு எந்த நேர்கோட்டை வரைந்தாலும் அக்கூட்டுத்தொகை இதனினும் மிகுமேயன்றிக் குறையாது. புள்ளிகளுக்கு ‘மிக நெருங்கிய கோடு’ என்று நாம் கூறுவதன் பொருள் இதுவே. தாளும் எழுதுகோலும் கொண்டு எந்த மாணவரும் இதனைச் செய்து பார்க்கலாம்.

கிங் கவுண்டியின் சமன்பாடு

இனி உண்மையான ஆய்வுக்கு வருவோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரைத் தன்னகத்தே கொண்ட பகுதி கிங் கவுண்டி. அங்கு மருத்துவமனைக்கு வெளியே நிகழும் ஒவ்வொரு இதய நிறுத்தத்தையும் பதிவு செய்து காத்துவரும் நல்வழக்கம் 1970-களிலிருந்தே உண்டு. இவ்வகையில் 1976 முதல் 1991 வரை சேர்ந்த பதிவுகளிலிருந்து, இதயக் கீழறை நடுக்கத்துக்கு உள்ளான 1,667 பேரின் விவரங்களை லார்சன், ஐசன்பர்க், கம்மின்ஸ், ஹால்ஸ்ட்ராம் ஆகிய நால்வர் ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டனர்.

அவர்கள் ஒரு காலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று காலங்களை எடுத்துக்கொண்டனர். நோயாளி விழுந்ததிலிருந்து மார்பழுத்தம் தொடங்கும் வரை ஒன்று. மின் அதிர்ச்சி கொடுக்கப்படும் வரை மற்றொன்று. மருந்து, மூச்சுக்குழாய் முதலியவற்றோடு கூடிய உயர்நிலை மருத்துவம் கிட்டும் வரை பிறிதொன்று. சாரா மாறிகள் ஒன்றுக்கு மேற்பட்டு வருவதால் இது பன்மாறித் தொடர்புப் போக்கு எனப்படும். அவர்கள் கண்ட சமன்பாட்டைச் சொற்களால் இவ்வாறு கூறலாம்:

பிழைப்போர் விழுக்காடு 67. இதிலிருந்து மார்பழுத்தம் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 2.3, மின் அதிர்ச்சி தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 1.1, உயர்நிலை மருத்துவம் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 2.1 எனக் கழிக்க வேண்டும்.

மூன்றும் கிட்டாது கழியும் நிமிடத்துக்கு இழப்பு மூன்றன் கூட்டுத்தொகையாகிய 5.5 விழுக்காடு. பதினாறு ஆண்டுகளின் பதிவேடுகள் இறுதியில் நான்கே எண்களாகச் சுருங்கி நிற்பதைக் காண்கிறோம். அவ்வெண்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குடும்பத்தின் கண்ணீரும் மற்றொரு குடும்பத்தின் நிம்மதியும் மறைந்துள்ளன என்பதை நாம் மறத்தலாகாது.

சமன்பாட்டை வாசித்தல்

இருவரை எண்ணிப் பார்ப்போம். இருவருக்கும் 7-ஆம் நிமிடத்தில் மின் அதிர்ச்சி கிட்டுகின்றது. 10-ஆம் நிமிடத்தில் உயர்நிலை மருத்துவம் கிட்டுகின்றது. முதலாமவரின் அருகிலிருந்தோர் எவரும் மார்பை அழுத்த அறியார்; ஊர்தி வந்த பின்னரே, அதாவது 7-ஆம் நிமிடத்தில்தான், மார்பழுத்தம் தொடங்குகின்றது. 67-லிருந்து 16.1, 7.7, 21 ஆகியவற்றைக் கழிக்க 22.2 வருகின்றது. இரண்டாமவரின் அருகில் அறிந்தவர் ஒருவர் இருந்தார். 2-ஆம் நிமிடத்திலேயே மார்பழுத்தம் தொடங்கிவிட்டார். 67-லிருந்து 4.6, 7.7, 21 ஆகியவற்றைக் கழிக்க 33.7 வருகின்றது.

ஊர்தி ஒன்றே, சாலை ஒன்றே, வந்த நேரமும் ஒன்றே. ஆயினும் நூற்றுக்கு 11 அல்லது 12 உயிர்கள் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டை உண்டாக்கியது பொறியும் அன்று, மருந்தும் அன்று. அருகிலிருந்த ஒருவரின் இரு கைகளே. ஊர்தியின் வேகத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் இவ்வுயிர்கள் நம் கண்ணில் படுவதே இல்லை. மூன்று காலங்களையும் தனித்தனியே நிறுத்துக் காட்டியதே இவ்வாய்வின் தலையாய பயன் எனலாம்.

நேர்கோட்டின் எல்லைகள்

கருவியைப் போற்றுவோர் அதன் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். எவ்வுதவியும் இன்றி 20 நிமிடங்கள் கழிந்தன என்று கொண்டு சமன்பாட்டில் இட்டுப் பார்ப்போம். 67-லிருந்து 110-ஐக் கழிக்க –43 வருகின்றது! நூறு பேரில் –43 பேர் பிழைத்தனர் என்பதற்குப் பொருளேது? கோடு 12 நிமிடத்தைச் சற்றே கடந்ததும் சுழியைத் தொட்டுக் கீழே இறங்கிவிடுகின்றது. எந்தக் கால எல்லைக்குள் தரவுகள் திரட்டப்பட்டனவோ, அந்த எல்லைக்குள்தான் கோட்டை நம்பலாம் என்பது இதனால் விளங்கும்.

மற்றொரு குறையும் உண்டு. உயரம் போல் சிறிது சிறிதாக மாறும் பண்பு அன்று உயிர் பிழைத்தல். ஒருவர் பிழைப்பார் அல்லது இறப்பார். பாதி பிழைத்தல் என்பது இல்லை. இத்தகைய பண்புக்கு நேர்கோட்டினும் ஏற்றது, இரு முனைகளிலும் படுத்து நடுவே செங்குத்தாக இறங்கும் வளைகோடு. அது நூற்றுக்கு மேல் ஏறுவதும் இல்லை. சுழிக்குக் கீழ் இறங்குவதும் இல்லை. இம்முறையை லாஜிஸ்டிக் தொடர்புப் போக்கு என்பர். அரிசோனா மாநிலத்து டூசான் நகரின் பதிவுகளையும் கிங் கவுண்டியின் பதிவுகளையும் இணைத்து, வாலென்சுவேலா என்பவரும் குழுவினரும் இவ்வளைகோட்டு முறையில் 1997-இல் ஆய்வு வெளியிட்டனர். முறை மாறினும் செய்தி மாறவில்லை: மார்பழுத்தமும் மின் அதிர்ச்சியும் எவ்வளவு முந்துகின்றனவோ, அவ்வளவுக்குப் பிழைப்பும் மிகுகின்றது.

ஒன்டாரியோ தந்த பாடம்

எல்லாவற்றினும் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. இரண்டு சேர்ந்து மாறுகின்றன என்பதாலேயே ஒன்று மற்றொன்றை விளைவித்தது என்று முடிவு கட்டலாகாது. உதவிக்கு அழைப்பவர் மிகக் கடிய நிலையைக் கூறினால் ஓட்டுநர் மிக விரைந்து செல்வார். அந்நோயாளியோ இறப்பின் விளிம்பில் இருப்பவர். எல்லா நோயாளிகளையும் பகுக்காமல் ஒன்றாகக் கலந்து கோடு வரைந்தால், ‘விரைந்து சென்ற இடங்களில் இறப்பு மிகுதி’ என்னும் விந்தையான முடிவும் கிட்டக்கூடும். வேகம் கொன்றது என்று அதற்குப் பொருள் கொள்வார் உண்டோ?

கிங் கவுண்டிச் சமன்பாட்டில் உயர்நிலை மருத்துவத்துக்குரிய கெழு 2.1 என்பதைக் கண்டோம். அதனைக் கண்டோர், உயர்நிலை மருத்துவத்தை ஊர்திகளில் சேர்த்தால் பிழைப்போர் பெருகுவர் என்றே எதிர்பார்ப்பர். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 17 நகரங்களில் இதனை நேரடியாகவே சோதித்தனர். விரைவாக மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏற்பாடு முன்னரே அமைந்திருந்த அந்நகரங்களில், அடுத்த கட்டமாக உயர்நிலை மருத்துவத்தைச் சேர்த்தனர். ஸ்டீல் என்பவர் தலைமையில் 5,638 நோயாளிகளைக் கொண்டு நடந்த அவ்வாய்வின் முடிவு 2004-இல் வெளிவந்தது. மருத்துவமனையிலிருந்து உயிருடன் இல்லம் திரும்பியோர் முன்னர் 5.0 விழுக்காடு, பின்னர் 5.1 விழுக்காடு. வேறுபாடு இல்லை என்றே கூறவேண்டும். அதே ஆய்வில், அருகிலிருந்தோர் செய்த மார்பழுத்தமும் 8 நிமிடத்துக்குள் கிட்டிய மின் அதிர்ச்சியும் பிழைப்போடு வலுவாகத் தொடர்புற்றிருந்தன.

கிங் கவுண்டியில் கீழறை நடுக்கத்துக்கு உள்ளானோர் மட்டுமே கணக்கில் வந்தனர்; ஒன்டாரியோவில் பிறவகை இதய நிறுத்தங்களும் சேர்ந்தன. ஆதலின் 67-ஐயும் 5-ஐயும் அருகருகே நிறுத்தி ஒப்பிடுதல் தவறு. எனினும் பாடம் தெளிவானது. மின் அதிர்ச்சியும் உயர்நிலை மருத்துவமும் ஒரே ஏற்பாட்டின் வழி ஒன்றன்பின் ஒன்றாக வருபவை. ஒன்று முந்தினால் மற்றொன்றும் முந்தும். இவ்வாறு சேர்ந்தே நடக்கும் இரு மாறிகளில் எதன் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டத் தொடர்புப் போக்கு தடுமாறும். கோடு நமக்கு ஐயத்தை எழுப்பித் தரும். அதனைத் தீர்க்கச் சோதனையே வேண்டும்.

கடிகாரம் எப்போது தொடங்குகின்றது?

கணக்கு எத்துணைச் செம்மையாக இருப்பினும் அதில் இடும் அளவு பிழையாயின் விடையும் பிழையே. ஊர்தி நிலையத்துக்கு அழைப்பு வந்ததிலிருந்து வாயிலில் ஊர்தி நிற்கும் வரையுள்ள நேரத்தையே பெரும்பாலும் ‘வந்து சேரும் காலம்’ என்று குறிக்கின்றனர். நோயாளியின் கடிகாரமோ அழைப்புக்கு முன்பே, அவர் விழுந்த நொடியிலேயே தொடங்கிவிடுகின்றது. ஊர்தி வாயிலில் நின்ற பின்னும் அது நிற்பதில்லை. மாடிப்படி ஏறி அவரைத் தொடும் வரை ஓடிக்கொண்டே இருக்கின்றது. இருவேறு நாடுகள் இருவேறு வகையாகக் காலத்தைக் குறித்தால் ஒப்பீடு பயனற்றதாகும். இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1990-இல் நார்வே நாட்டின் உட்ஸ்டைன் மடத்தில் பன்னாட்டு வல்லுநர் கூடிப் பொதுவான பதிவு முறையை வகுக்கத் தொடங்கினர். 1991-இல் அது வெளியிடப்பட்டது.

விழுந்த நொடியைத் துல்லியமாக அறிய வாய்ப்பளித்த இடம் ஒன்றுண்டு. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளே அவை. சூதில் ஏமாற்றுவோரைக் கண்காணிக்கப் பொருத்திய நிழற்படக் கருவிகள், மயங்கி விழுவோரையும் நேரத்தோடு பதிவு செய்தன. அங்கிருந்த காவலர்களுக்கு டிஃபிபிரிலேட்டரைப் பயன்படுத்தப் பயிற்சி அளித்தனர். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வாய்வில், கீழறை நடுக்கத்துக்கு உள்ளான 105 பேரில் 56 பேர் பிழைத்தனர். பிறர் பார்க்க விழுந்தோரில், 3 நிமிடத்துக்குள் மின் அதிர்ச்சி பெற்றவர்களில் 74 விழுக்காட்டினரும், அதற்குப் பின் பெற்றவர்களில் 49 விழுக்காட்டினரும் உயிர் தப்பினர். அக்காவலர் மருத்துவர் அல்லர், அருகிலிருந்தோர், அவ்வளவே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் விளங்குவன மூன்று. முதலாவது, ஓர் எளிய நேர்கோடும் ‘விரைந்து’ என்னும் மங்கலான சொல்லை, எண்ணத்தக்க உயிர்களாக மாற்றிக் காட்ட வல்லது. இரண்டாவது, அக்கோட்டை அதன் எல்லைக்குள் நின்று, சோதனையோடு ஒத்துப் பார்த்தே ஏற்க வேண்டும். மூன்றாவது, எல்லா ஆய்வுகளும் வேறுபாடின்றிக் கூறும் ஒரு செய்தி உண்டு: முதல் சில நிமிடங்கள் அருகிலிருப்போருக்கே உரியவை.

தமிழகத்தில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் சேவை இயங்கி வருகின்றது. அவ்வூர்தி எவ்வளவு விரைந்து வரினும், விழுந்த நொடிக்கும் அது வந்து சேரும் நொடிக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தே தீரும். அவ்விடைவெளியை நிரப்ப வேண்டியவர் நாமே. அழைத்தும் உணராமல், இயல்பாக மூச்சும் விடாமல் ஒருவர் கிடந்தால் உடனே 108-ஐ அழைக்கச் செய்தல், மார்பின் நடுவே ஒரு கையின் மேல் மறுகையை வைத்து, வளர்ந்தவராயின் 5 செண்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை அழுத்துதல், உதவி வரும் வரை நிறுத்தாதிருத்தல்: கற்க வேண்டியது இவ்வளவே. ஒரு பிற்பகலில் இதனைப் பயிற்றுவித்துவிடலாம்.

நம் கல்லூரிகளில் புள்ளியியல் பயிலும் மாணவர் சமன்பாட்டை எழுதித் தேர்வில் மதிப்பெண் பெறுகின்றனர், அது வேண்டுவதே. அச்சமன்பாட்டில் உள்ள 2.3 என்னும் எண்ணைத் தம் கைகளால் காக்கவும் அவர்கள் கற்பார்களாயின், வகுப்பறையில் வரைந்த கோடு வீதியில் ஓர் உயிரைத் தாங்கும். அப்பயிற்சியைத் தருவதற்கு ஆசிரியரும், அதற்கு இடமும் ஊக்கமும் அளிப்பதற்குப் பெரியோரும் முன்வருவார்களாக.